கிரீஸ் போடாத காற்றாடி

“பேரிங் போயிடுச்சு” என்றார் அப்பா.

படம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் பாலைவனத்துக்கு நடுவே பலகை அடித்த ஒரு ரயில்வே ஸ்டேஷன். நீண்ட கோட்டு போட்ட மூன்று பேர் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. எங்கோ ஒரு காற்றாடி மட்டும் கிரீச்... கிரீச்... என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க சினிமாப் பைத்தியங்கள் சிலாகிக்கும் சத்தம் அது. அப்பாவுக்கு அது மெயின்டனன்ஸ் பார்க்காத மிஷினின் சத்தம்.

“ஒரு கை கிரீஸ் வெச்சா நின்னுடும். ஸ்டேஷன் மாஸ்டர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?”

“அவன அவனுங்க ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்கப்பா.”

“அதுக்கு முன்னாடி இருந்தான்ல?”

முப்பத்து நான்கு வருஷம் நெய்வேலி முதல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தவர். நைட் ஷிப்டில் பெல்ட் ஓரமாக நடந்தபடியே, எந்த ரோலர் கத்துகிறது என்று காதால் கண்டுபிடிக்கிற வேலை. ரோலர் கத்தினால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். விட்டால் சூடேறும், சூடேறினால் பெல்ட்டில் தீ. ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும், பக்கத்து வீட்டு மின்விசிறி முனகினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அவரைப் பிடித்து உட்காரவைத்து செர்ஜியோ லியோனி படம் காட்டலாம் என்று நினைத்தது என் தப்புதான்.

படம் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’. 1968. பொங்கல் லீவுக்கு வடலூர் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். முதல் தடவை ஹாஸ்டலில், 2002 வாக்கில், ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஏழு பேர், சப்டைட்டில் ஒன்றரை நிமிடம் பிந்தி வந்த காப்பியில். இரண்டாவது தடவை சென்னையில் தனியாக. மூன்றாவது தடவைதான் படம் எனக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அதற்கு அப்பாவும் ஒரு காரணம், கம்மாபுரம் பக்கத்து நண்பன் ஒருவனும் ஒரு காரணம். அவனிடம் பிறகு வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. கதை முழுக்கச் சொல்லப்போகிறேன். ஐம்பது வருஷத்துக்கும் மேல் டயம் கொடுத்தாயிற்று, இன்னும் பார்க்காதவர்கள் என்னைத் திட்டக் கூடாது.

எங்கள் தலைமுறைக்கு கௌபாய் வந்தது சினிமா வழியாக இல்லை, சிவகாசி வழியாக. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக். டவுன்ஷிப் ஸ்கூலில் லீவு விட்டால், பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த டெக்ஸ் தேடுவதுதான் எங்கள் புதையல் வேட்டை. அரிசோனா, டெக்சாஸ் எல்லாம் எங்களுக்கு விருத்தாசலம், பண்ருட்டி மாதிரி பழகின ஊர்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. இதில் ஒன்றுகூட அமெரிக்கச் சரக்கு இல்லை. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக் பெல்ஜியம். கேப்டன் டைகரின் அசல் பெயர் புளூபெரி, ஒரு பெல்ஜியத்துக்காரரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த கைவண்ணம். அமெரிக்காவுக்கு ஏங்கின ஐரோப்பியர்கள் வரைந்த அமெரிக்காவை, சிவகாசிக்காரர்கள் தமிழாக்க, முந்திரிக்காட்டில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம்.

லியோனியும் அதே ஜாதிதான். ரோமாபுரிக்காரர். இந்தப் படத்தில் பாதிக்கு மேல் ஸ்பெயினிலும் இத்தாலி ஸ்டூடியோவிலும் எடுத்தது. அசல் அமெரிக்கா என்று பெயருக்குக் கொஞ்சம், மானுமென்ட் வேலியில். தமிழிலும் ஆள் உண்டு. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, ‘எங்க பாட்டன் சொத்து’. ஜெய்சங்கர் குதிரையில் வருவார், துப்பாக்கி சுடுவார். அப்பாவுக்கு கௌபாய் என்றால் ஜெய்சங்கர்தான். அடுத்த இடம் ‘மெக்கன்னாஸ் கோல்ட்’. இந்தப் படத்தில் நடித்த ஹென்றி ஃபோண்டா பெயரைச் சொன்னால் “எந்த டிவிஷன்?” என்று கேட்கக்கூடியவர்.

எங்களுக்கு லொகேஷனும் இருந்தது. நெய்வேலிக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கம் என்றதும் குகைக்குள் விளக்கு கட்டிக்கொண்டு இறங்குவதை நினைக்காதீர்கள். இது திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமாக மண். அதை முழுக்க வாரி எடுத்தால்தான் கரி தெரியும். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தோண்டி, பெல்ட்டில் ஏற்றி, கரி எடுத்து முடித்த பள்ளத்திலோ வெளியிலோ கொட்ட வேண்டும். வெளியில் கொட்டியது மலையாக நிற்கும். செம்மண்ணும் மஞ்சளும் சாம்பலுமாக, மழையில் அரித்து வரி வரியாக. சாயங்கால வெயிலில் பார்த்தால் மானுமென்ட் வேலியின் ஏழைத் தம்பி மாதிரியே இருக்கும். தூரத்தில் ஜெர்மன்காரன் கொடுத்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர், ஒரு கட்டடம் எழுந்து நடந்து வந்து மண் தின்னுவது போல. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு விஜய் இங்கே வந்து, வேன் மேல் ஏறி ரசிகர்களோடு செல்ஃபி எடுத்தது நினைவிருக்கும். அதற்கு முப்பது வருஷம் முன்பே அந்த மண்மேட்டைப் பார்த்து, கட்டைத் துப்பாக்கியோடு நாங்கள் படம் ஓட்டியாயிற்று.

சரி, படத்துக்கு வருவோம்.

அந்த முதல் காட்சியில் என்னதான் நடக்கிறது? ஒன்றுமே நடப்பதில்லை. ஒருவன் முகத்தில் ஈ உட்காருகிறது. ஊதித் துரத்துகிறான், போகவில்லை, கடைசியில் துப்பாக்கிக் குழாயில் பிடித்து அடைத்துக்கொண்டு அது உள்ளே ரீங்காரமிடுவதைக் கேட்டுச் சிரிக்கிறான். இன்னொருவன், மொட்டைத் தலை, மேலேயிருந்து சொட்டும் தண்ணீருக்கு நேர் கீழே நிற்கிறான். சொட்டு சொட்டாக விழுகிறது. தொப்பியைப் போட்டுக்கொள்கிறான், தொப்பியில் விழுகிறது. தேங்கியதும் அதைக் குடிக்கிறான். மூன்றாமவன் விரலில் நெட்டி முறிக்கிறான். பத்து நிமிடத்துக்கு மேல் இவ்வளவுதான். அப்புறம் ரயில் வருகிறது, போகிறது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஹார்மோனிகா வாசித்தபடி சார்லஸ் பிரான்சன் நிற்கிறார். மூன்று பேரும் செத்துப்போகிறார்கள்.

முன்பு பார்த்தபோதெல்லாம், ஆள் சாகிற அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு இழுவை என்று நினைத்தேன். இந்தத் தடவை அப்பா ஒன்று சொன்னார். “அந்தக் காத்தாடி சும்மா நிக்கலடா. தண்ணி எறைக்குது. மேல தொட்டியில ஏத்தி வெச்சாத்தான் இன்ஜினுக்கு ஊத்த முடியும். ஸ்டீம் இன்ஜினுக்குக் கரிகூட அப்புறந்தான், தண்ணி மொதல்ல தீந்துடும்.”

எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. படத்தின் மொத்தக் கதையே தண்ணீர்தான்! மொட்டையன் தொப்பியில் சொட்டுவது வெறும் ஸ்டைல் இல்லை. இரண்டே முக்கால் மணி நேரக் கதையை லியோனி முதல் பத்து நிமிடத்திலேயே சொட்டு சொட்டாகச் சொல்லிவிட்டார். நான்தான் இருபது வருஷமாக ஈயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதை இதுதான். மெக்பெயின் என்று ஒரு ஐரிஷ்காரன். பாலைவனத்தில் எவனும் சீண்டாத நிலத்தை வாங்கி, ஸ்வீட்வாட்டர் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளோடு குடியிருக்கிறான். எல்லாரும் அவனைப் பைத்தியம் என்கிறார்கள். அவனுக்கு மட்டும் தெரியும், சுற்று வட்டாரத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் இருக்கிறது. மேற்கே ரயில் பாதை போட்டுக்கொண்டே வருகிறவர்கள் என்றைக்காவது இங்கே வந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு ஸ்டேஷன் நம்முடையது, ஊர் நம்முடையது. வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஸ்டேஷன் கட்ட மரமெல்லாம் ஆர்டர் கொடுத்து, நியூ ஆர்லியன்ஸில் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜில் என்ற பெண் வரப்போகிற நாளில், முற்றத்தில் விருந்துக்கு மேஜை போட்டுவைத்திருக்கும்போது, ரயில் கம்பெனி முதலாளியின் அடியாள் ஃபிராங்க் வந்து குடும்பத்தையே சுட்டுத் தள்ளுகிறான். வண்டியிலிருந்து இறங்கி வரும் புது மனைவிக்காக விருந்து மேஜையில் பிணங்கள் காத்திருக்கின்றன.

இந்த மெக்பெயினைப் பார்க்கும்போது நெய்வேலிக்காரனுக்கு ஒருத்தர் ஞாபகம் வராமல் போகாது. ஜம்புலிங்க முதலியார். எங்கள் ஊரில் ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1935 வாக்கில் அவர் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு போட, கறுப்பாக ஏதோ தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்தது. மனுஷர் அதை அள்ளிக் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்காமல் அரசாங்கத்துக்குச் சொன்னார். நாற்பதுகளில் நிலவியல் துறை துளை போட்டுப் பார்த்தது. காமராஜர் டெல்லியை விடாமல் பிடித்தார். 1956 நவம்பர் 14இல் சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நாலு வருஷம் மண்ணையே வாரி, 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் சோவியத் உதவியோடு கட்டிய மின் நிலையத்தில் கரண்ட். முதலியார் தன்னுடைய 600 ஏக்கருக்கும் மேல் திட்டத்துக்குக் கொடுத்தார் என்பார்கள்.

மெக்பெயின் மண்ணை வாங்கினான், அடியில் தண்ணீர் இருந்தது. முதலியார் தண்ணீரைத் தேடினார், அடியில் கரி இருந்தது. அது மட்டுமா? அமெரிக்க ரயிலுக்குத் தண்ணீர் வேண்டும், எங்கள் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஆகாது. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தில் மேல் நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பகலாக பம்ப் போட்டு வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். நெய்வேலித் திட்டத்தின் ஆரம்ப கால இன்ஜினியர்களின் தலையாய தலைவலி கரி இல்லை, இந்தத் தண்ணீர்தான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வயல்களில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வழியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்வீட்வாட்டர் எங்கோ தேடிப் போக வேண்டிய ஊர் இல்லை, எங்கள் ஜில்லாவில் வயலுக்கு வயல் இருந்தது. இப்போது அப்படிப் பொங்கும் போரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

ஃபோண்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அமெரிக்கர்களுக்கு அவர் நல்லவர். லிங்கனாக நடித்தவர். 1940இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தில், டிராக்டர் வந்து நிலத்தை விட்டுத் துரத்திய விவசாயக் குடும்பத்தின் பிள்ளையாக நடித்தவர். இந்தப் படத்தில் வில்லன் வேஷம் என்றதும் மீசையும் பழுப்பு கான்டாக்ட் லென்ஸும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாராம். லியோனி இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டார். அவருக்கு அந்த நீலக் கண்தான் வேண்டும். மெக்பெயின் வீட்டில் கடைசியாக உயிரோடு நிற்பது ஒரு சின்னப் பையன். கேமரா மெல்லச் சுற்றி வந்து, கொலைகாரன் முகத்தைக் காட்டுகிறது. அங்கே ஹென்றி ஃபோண்டா! கூட வந்தவன் அவசரப்பட்டு ‘ஃபிராங்க்’ என்று பெயர் சொல்லிவிட்டதால் அந்தப் பையனையும் சுட்டுவிடுகிறார். நமக்கு இது முழுதாகப் புரிய வேண்டுமானால், எம்.ஜி.ஆர். சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையைச் சுடுவதாகக் கற்பனை பண்ண வேண்டும். தியேட்டர் மிஞ்சுமா? நல்ல நடிகனை வில்லனாக்குவது பெரிய விஷயமில்லை. நல்லவன் என்று முப்பது வருஷம் நம்பின முகத்தை எடுத்து, அதே முகத்தால் சுட வைக்கிறார். அதிலும் ஒரு காலத்தில் நிலம் பிடுங்கப்பட்டவனாக நடித்த முகம் இப்போது நிலம் பிடுங்க வருகிறது. லியோனி இதை எண்ணித்தான் செய்தாரா, தெரியாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முதலாளி மார்ட்டன் இன்னும் சுவாரஸ்யம். எலும்பில் காசநோய். நடக்க முடியாது. ரயில் பெட்டியிலேயே வாழ்கிறார், கூரையில் பிடித்துத் தொங்கிப் போக கம்பி போட்டு வைத்திருக்கிறார். அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பியவருக்கு, சாவதற்குள் ரயிலிலேயே போய் பசிபிக் கடலைப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. சாகும்போது தண்டவாளத்தின் பக்கத்தில் ஒரு சேற்றுக் குட்டையை நோக்கித் தவழ்ந்து போகிறார். காதில் கடல் அலைச் சத்தம். இந்த இடத்தில் அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “கெட்டவன்தான். ஆனா ப்ராஜெக்டை முடிக்கணும்னு நெனைச்சவன்” என்றார். முதல் தலைமுறை நெய்வேலிக்காரர்களுக்கே உரிய இரக்கம் அது. ப்ராஜெக்ட் என்ற சொல் அவர்கள் வாயில் வரும்போது சாமி பெயர் மாதிரி ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும். நாட்டுக்குக் கரண்ட் கொடுத்தவர்கள் நாங்கள் என்கிற நெஞ்சு நிமிர்வு. அதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

அம்மா பாதியில் வந்து உட்கார்ந்தார். அவர் பார்த்த முதல் காட்சி, எழவு வீட்டில் ஜில்லிடம் செயேன் என்கிற கொள்ளைக்காரன் காபி கேட்பது. “புருஷன் புள்ளைங்களப் பொதைச்சு ஒரு நாள் ஆவல, காபி போடச் சொல்றான் பாரு, படுபாவி” என்று ஒரே போடாகப் போட்டார். அம்மாவின் கட்சி சரியானதுதான். கிளாடியா கார்டினேல் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, படத்தின் நிலமும் ஊரும் கடைசியில் அவள் கைக்கே போகிறது என்று எழுதிவிட்டு, நடுவில் அவளை ஃபிராங்க், செயேன், பிரான்சன் என்று மூன்று ஆண்களும் நடத்துகிற விதத்தில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஃபிராங்க்கோடு வருகிற படுக்கையறைக் காட்சியை ரிமோட்டால் தாண்டினேன், பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. கடைசியில் செயேன் அவளுக்குச் சொல்லும் புத்திமதி அதைவிட மோசம். வேலைக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடு, எவனாவது பின்னால் தட்டினால் கண்டுகொள்ளாதே என்கிறான். சிலர் இதை அந்தக் காலத்து நகைச்சுவை என்று விட்டுவிடச் சொல்கிறார்கள். காலம் எதுவானால் என்ன, தட்டு வாங்குகிறவளுக்கு எப்போதும் ஒன்றுதானே.

இசையைப் பற்றி ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். என்னியோ மோரிக்கோனே முன்கூட்டியே போட்டுக் கொடுத்த இசையைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார் லியோனி என்பது மட்டும் போதும். ஜில் ஸ்டேஷனை விட்டு வெளியே வர, கேமரா கிரேனில் எழும்பி ஊரைக் காட்டும் அந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். நான் விவரிப்பதை விட அது நன்றாக இருக்கும்.

இப்போது நண்பன். நாங்கள் டவுன்ஷிப் ஸ்கூலில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் குவார்ட்டர்ஸ் பையன், அவன் கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பையன். இரண்டாம் சுரங்கத்துக்காக அவர்கள் ஊர் போயிற்று. அவனுக்கு அப்போது கைக்குழந்தை வயது, ஊர் நினைவே கிடையாது. ஒருமுறை மைன்ஸ் வியூ பாயிண்டில் நின்றுகொண்டிருந்தபோது அவன் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை. “எங்க வீடு எங்க இருந்துச்சுன்னு கேட்டா, தரையக் காட்ட முடியாதுடா. அதோ, அந்தக் காத்துல ஒரு எடத்தக் காட்டணும்.” யோசித்துப் பாருங்கள். ஐம்பது மீட்டர் மண்ணையும் அதற்குக் கீழே கரியையும் எடுத்த பிறகு, வீட்டு வாசல் இருந்த இடம் அந்தரத்தில்தான் இருக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். அப்பா படத்தின் முதல் காட்சியை அவனுக்காக மறுபடி போடச் சொன்னார், காற்றாடியைக் காட்ட. அவன் காற்றாடியைக் கவனிக்கவில்லை.

“அந்தம்மா எங்க போச்சு?” என்றான்.

“எந்தம்மா?”

“ஸ்டேஷன்ல இருந்துச்சே. மூணு பேரும் வந்ததும் ஓடிச்சே.”

ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். ஆமாம். ஒரு பூர்வகுடிப் பெண். ஸ்டேஷனில் வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் வந்ததும் அலறி அடித்துக்கொண்டு வெட்டவெளியில் ஓடிப்போகிறாள். கேமரா அவள் பின்னால் போகவில்லை. இன்னும் 160 நிமிடப் படம் இருக்கிறது, அவள் திரும்பி வரவேயில்லை. மூன்று தடவை பார்த்த நான் ஈயைப் பார்த்தேன், அப்பா பேரிங்கைக் கேட்டார். அந்தப் பெண்ணைப் பார்க்க அவன் வர வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் படம் கொஞ்சம் மாறிவிட்டது. என் வழக்கு இதுதான். லியோனி நிலத்தைப் பற்றி இவ்வளவு நன்றாகப் படம் எடுத்தார். பத்திரத்தால், ஏலத்தால், மிரட்டலால் ஒரு நிலம் கை மாறுவதைத் துப்பாக்கிச் சண்டையைவிட விறுவிறுப்பாகக் காட்டினார். ஸ்வீட்வாட்டர் ஏலத்துக்கு வருகிற காட்சியில், கேட்க வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரின் தோளுக்குப் பின்னாலும் ஃபிராங்க்கின் ஆள் நிற்பான், வாயைத் திறக்க முடியாது. பிரமாதம். ஆனால் அந்த நிலம் மெக்பெயின் வாங்குவதற்கு முன் யாருடையது? படம் கேட்கவில்லை. தீமை எல்லாம் ஃபிராங்க், மார்ட்டன் என்கிற இரண்டு பேர் மீது இறங்கிவிடுகிறது. அவர்கள் செத்ததும் எல்லாம் சரி. ரயில் வந்து சேருகிறது, இசை பொங்குகிறது, ஜில் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிறாள், வேலைக்காரர்கள் குடிக்கிறார்கள், சுபம். ரயில் குற்றமற்றது என்பது லியோனியின் தீர்ப்பு.

எங்கள் ஊரில் ஃபிராங்க் வருவதில்லை. யாரும் யாரையும் சுடுவதில்லை. நிலம் எடுக்கும் நோட்டீஸ் வரும். அளவை செய்ய ஆள் வரும், சர்வே கல் வரும், கலெக்டர் ஆபீஸில் கூட்டம் நடக்கும், டெபாசிட் ஆகும். எல்லாம் சட்டப்படி. 2023 ஜூலை கடைசியில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் பருவத்தில் இருந்த நெற்பயிர் மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலம் பல வருஷம் முன்பே எடுத்ததுதான், பணம் கொடுத்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியும் வைத்தார்கள் என்பது சுரங்க நிறுவனத்தின் பதில். பொய் என்று சொல்ல முடியாது. நிலம் சும்மா கிடந்தால் விவசாயி கை சும்மா இருக்காது என்பதும் பொய் இல்லை. பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகை ஜூலை 28 அன்று கல்வீச்சில் முடிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் என்று உத்தரவு வந்தது. இந்தக் கதையில் நீலக் கண் கிடையாது. ஹார்மோனிகா வாசித்துக்கொண்டு எவனும் பழி தீர்க்க வரப்போவதும் இல்லை. அதனால்தான் இதைப் படமாக எடுப்பது கஷ்டம்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், லியோனியின் கடைசிக் காட்சியில்தான் இருக்கிறேன். ஜில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்த கூட்டத்தில் எங்கள் அப்பா ஒருவர். நான் அவர் பிள்ளை. வேப்ப மர நிழல் விழுந்த நேரான தெருக்கள், வட்டத்துக்கு வட்டம் பூங்கா, தடையில்லாத கரண்ட், புத்தகக் கண்காட்சி, எல்லாம் அனுபவித்து வளர்ந்தேன். வில்லுடையான்பட்டு என்றால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற முருகன் கோயில் என்றுதான் எனக்குத் தெரியும். பட்டு என்று முடிகிற பெயர் ஒரு ஊரின் பெயராயிற்றே என்று நாற்பது வயதில்தான் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால் டவுன்ஷிப்பில் எங்களுக்கும் ஒரு அடி மண் சொந்தமில்லை. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா வைத்த முருங்கை மரத்தை வேறு யாரோ பறிக்கிறார்கள். ஆனாலும் நான் பிறந்த வீடு தரையில்தான் இருக்கிறது. போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வரலாம். நண்பனுக்கு அது இல்லை.

இத்தனை குறை சொல்லிவிட்டேனே, படம் பிடிக்குமா என்றால், பிடிக்கும். நான் பார்த்த வெஸ்டர்ன் படங்களில் இதற்குத்தான் முதல் இடம். ‘தி குட், த பேட் அண்ட் தி அக்ளி’யை விட ஒரு படி மேல் என்பேன், அதற்காக நண்பர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. அதில் மூன்று பேர் புதையலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு ஊர் பிறக்கிறது. ஃபிராங்க்கும் ஹார்மோனிகா பிரான்சனும் கடைசியில் நேருக்கு நேர் நிற்கும்போது, ஏன் இவ்வளவு நாளும் அவன் ஹார்மோனிகா வாசித்தான் என்பது தெரியவருகிற அந்த ஃபிளாஷ்பேக்கை மட்டும் நான் இங்கே சொல்லவில்லை. அது ஒன்றாவது உங்களுக்கு மிச்சம் இருக்கட்டும்.

பார்ப்பதாக இருந்தால் 165 நிமிட முழு வடிவத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் முதலில் இருபது நிமிடம் வெட்டி வெளியிட்டு, அங்கே படம் ஊத்திக்கொண்டது. சத்தத்தைக் கூட்டி வையுங்கள். வீட்டில் மைன்ஸிலோ, ரயில்வேயிலோ, மில்லிலோ வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்தப் பெண் ஓடுவது தொடக்கத்திலேயே வந்துவிடும். கண்ணை எடுத்தால் தவறிப்போகும்.